பானையடித் தமால்

மெக்சிகோ நகரம்
1974 நவம்பர் 18

அன்புள்ள அக்கா ஹெனோவேவாவுக்கு,

தங்கை ப்ரிஸ்கா எழுதுவது. இங்கே சளியைத் தவிர எனக்கும் லியோபோல்தோவுக்கும் வேறு குறையில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன முறை அனுப்பிய தைலத்தைத் தடவினாயா, இல்லை வழக்கம்போல அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாயா?

அலுவலகத்தில் எனக்குப் பெரிய வேலை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். நம் நாட்டுச் சாப்பாடும் குடிபானமும் எங்கே பிறந்தன, முதன்முதலில் யார் செய்தார்கள் என்று அரசாங்கம் ஒரு புத்தகம் போடுகிறது. அதில் தமால் பற்றிய அத்தியாயம் என் பொறுப்பு. என்னோடு இருப்பவர்கள் எல்லாம் பட்டம் வாங்கியவர்கள். தமாலுக்குச் சோள மட்டையில் எந்தப் பக்கம் மாவைத் தடவி, மடித்து, ஆவியில் அவிப்பது என்று ஒருத்திக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்ததை எழுது. கதையோ, நம்பிக்கையோ, பழமொழியோ, எதுவானாலும் சரி. நம் ஊர்ப் பெயரை அச்சில் போடச் சொல்கிறேன்.

இன்னொன்று. இதை எழுத எனக்குக் கை வரவில்லை. என் பெண் நொயெமி ஆறு மாதக் கர்ப்பம். யார் என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். அவள் அப்பா லியோபோல்தோ வீட்டில் தட்டுகளை எல்லாம் உடைத்து முடித்துவிட்டார். "வயித்தத் தள்ளிக்கிட்டு அவ என் வாசல்ல நிக்கக் கூடாது, அவ்ளோதான்" என்கிறார். குவாதலஹாராவில் தங்கிப் படிக்கப் போயிருக்கிறாள் என்று உறவில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. பேறுகாலம் வரை அவள் உன்னோடு இருக்கட்டும். நாற்பது நாள் கழிந்ததும் குழந்தையை புவெப்லாவில் ஓர் இல்லத்தில் வாங்கிக்கொள்வார்கள். பிறகு என் பெண் எனக்குத் திரும்பக் கிடைத்துவிடுவாள்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் நீ. உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

என்றும் உன் அன்புத் தங்கை
ப்ரிஸ்கா


சான் லூக்காஸ்
1974 டிசம்பர் 2

தங்கச்சி ப்ரிஸ்காவுக்கு,

தைலம் மாதாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எத்தனை பேர் வேண்டுதலுக்கு நின்றுகொண்டே இருக்கிறாள், அவளுக்கும் முழங்கால் வலிக்காதா?

உன் பெண் சனிக்கிழமை மத்தியானப் பேருந்தில் வந்து இறங்கினாள். பெட்டியை வாங்கக் கை நீட்டினேன். "நீங்க விடுங்க பெரியம்மா, உங்க காலப் பாத்துக்கோங்க" என்று அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். முகம் உன்னுடையது. குணம் யாருடையதோ, நல்லதாக இருக்கிறது. இருக்கட்டும், எனக்குப் பாரமில்லை. பதின்மூன்று வயதில் உன்னை நான் வீட்டு வேலைக்கு அனுப்பினேன். இப்போது உன் பெண்ணை நீ என்னிடம் அனுப்புகிறாய். கண்ணுக்கு ஆகாததை மறைத்து வைக்க நம் குடும்பத்துக்கு எப்போதும் ஒரு பேருந்து கிடைத்துவிடுகிறது.

பிறந்த கதை கேட்டாயே, சொல்கிறேன். புல்கே என்று கள் குடிக்கிறார்களே, அது வடியும் கற்றாழை ஒரு பெண்பிள்ளை. காற்றுச் சாமியோடு ஓடிப்போனாள். சொந்தப் பாட்டியே பேய்ப் படையோடு துரத்தி வந்து, பிடித்து, துண்டுதுண்டாகப் பிய்த்துத் தின்றாள். மிச்ச எலும்பைக் காதலன் புதைத்தான், கற்றாழை முளைத்தது. பொஸோலே குழம்பில் முதலில் என்ன கறி வெந்தது என்று உன் பட்டதாரிகளைக் கேள். பன்றி இந்த நாட்டுக்குக் கப்பலில் வருமுன் நரபலி கொடுத்தவர்கள் என்ன போட்டிருப்பார்கள் என்று அவர்களே சொல்வார்கள். தமாலுக்கு அப்போது கொழுப்பும் கிடையாது, வெறும் மாவு, பீன்ஸ், மிளகாய். நம் சாப்பாடு பிறந்த இடமெல்லாம் யாரையோ அறுத்த இடம்தான். உன் புத்தகத்தில் முதல் வரியாக அதைப் போடு.

தமாலைப் பற்றி ஒரு நம்பிக்கை வேண்டுமென்றால், பானை அடியில் ஒட்டிக்கொண்ட தமாலைப் பற்றி எழுது. அதைக் கர்ப்பிணி தின்றால் பிள்ளை வயிற்றுக்குள் அப்படியே ஒட்டிக்கொள்ளும், வெளியே வராது. உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டுமா? நாற்பதாம் வருஷம், மெழுகுதிரித் திருநாள். விருந்தாளிகள் எல்லாருக்கும் மேலடுக்கில் இருந்த பஞ்சு போன்ற தமாலை எடுத்துக் கொடுத்தாய். நிறைமாதமாக நின்ற எனக்குக் கடைசியில் அடியிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தாய். பசியில் தின்றேன். நாலாம் நாள் வலி கண்டது. அவன் ஒட்டிக்கொண்டான். சாயங்காலம் நீலமாக வந்தான். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தங்கவில்லை. இதையும் ஊர்ப் பெயரோடு அச்சில் போடு.

ஹெனோவேவா


மெக்சிகோ நகரம்
1974 டிசம்பர் 20

அன்புள்ள அக்கா,

நொயெமியை வைத்துக்கொண்டதற்கு நன்றி. அவளுக்கு ஒரு கம்பளியும் உனக்கு ஒரு போர்வையும் தனியாக அனுப்பியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. என்னைப் பார்த்தால் அவள் அழுவாள், அவளைப் பார்த்தால் நான் அழுவேன், அது யாருக்கு நல்லது?

நீ எழுதிய ஒட்டிய தமால் விஷயத்தை நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு ஸ்பானியப் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். ஆண் தின்றால் போரில் அவன் விடும் அம்பு குறி தப்பும், பெண் தின்றால் பிள்ளை ஒட்டிக்கொள்ளும் என்று. 'மூடநம்பிக்கைகள்' என்ற தலைப்பில் அதைச் சேர்த்துவிட்டேன். அதே காலத்தில் எட்டு வருஷத்துக்கு ஒரு முறை உப்பு, மிளகாய், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல் சோளத்தை வெறும் தண்ணீரில் அவித்துத் தின்பார்களாம். நாம் படுத்துகிற பாட்டிலிருந்து சோளத்துக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்று. படித்தபோது எனக்கு நம் இருவர் நினைப்புத்தான் வந்தது. நீயும் எனக்கு எட்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது ஓய்வு கொடுத்திருக்கலாம்.

அக்கா, அன்றைக்கு எனக்குப் பன்னிரண்டு வயது. எது ஒட்டியது, எது ஒட்டாதது என்று பார்த்தா எடுத்தேன்? நீ என்ன செய்தாய்? அந்தப் பானையை நகத்தாலேயே சுரண்ட வைத்தாய். காய்ந்த மிளகாயைத் தணலில் போட்டு, என் பின்னங்கழுத்தைப் பிடித்துப் புகைக்குள் முகத்தை அழுத்தினாய். பிள்ளையை மிளகாய்ப் புகையில் பிடிக்கிற மாதிரி பழைய ஓவிய ஏட்டில் ஒரு படமே இருக்கிறது. 'முன்னோரின் கண்டிப்பு' என்று அதற்குக் கீழே எழுதியது நான்தான். அழகான படம் என்று மேலதிகாரி பாராட்டினார்.

தமால் கருப்பைக்குப் போவதில்லை. குடலுக்குப் போகிறது. முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகாவது இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் தங்கை
ப்ரிஸ்கா


சான் லூக்காஸ்
1975 பிப்ரவரி 3

தங்கச்சிக்கு,

நேற்று மெழுகுதிரித் திருநாள். மூன்று ராஜாக்கள் திருநாளில் வெட்டிய ரொட்டிக்குள் வைத்துச் சுட்ட பொம்மை நொயெமியின் துண்டில்தான் வந்தது. பொம்மை யாருக்கு வந்ததோ அவர்கள்தானே தமால் போட வேண்டும். "எனக்குத்தான் பெரியம்மா வரும், எனக்குத் தெரியும். வேண்டாததெல்லாம் எனக்குத்தானே வந்து மாட்டும்" என்று வயிற்றைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். இருபது பேருக்கு நாங்கள் இரண்டு பேரும் மாவு அரைத்தோம்.

பானைக்குள் தண்ணீரில் ஒரு காசைப் போட்டு வைப்போமே, அது கிலுகிலுவென்று ஆடிக்கொண்டே இருக்கும், சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரிகள் போட்ட சத்தத்தில் காசின் சத்தம் நின்றதை இருவருமே கவனிக்கவில்லை. அடியடுக்கு பிடித்துக்கொண்டது.

நான் அவளுக்கென்று மேலடுக்கிலிருந்து நாலு எடுத்து வைத்திருந்தேன், நம்பினால் நம்பு. அவள் அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பானைக்குள் கையை விட்டாள். "அடி முறுகல்தான் எனக்கு உசிரு பெரியம்மா" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது படித்த தங்கச்சி எழுதியது ஞாபகம் வந்தது. குடலுக்குத்தானே போகிறது? வாயை மூடிக்கொண்டேன்.

ஒட்டியதைப் பிடுங்கிப் பிடுங்கி மூன்று தின்றாள். மட்டையில் இருந்ததைக்கூட நக்கிவிட்டாள். இது உன் புத்தகத்துக்கு உதவும் என்று உடனே எழுதுகிறேன். மருத்துவச்சி கணக்குப்படி இன்னும் மூன்று வாரம்.

ஹெனோவேவா


மெக்சிகோ நகரம்
1975 பிப்ரவரி 8

அக்கா,

நீ பொய்தானே எழுதினாய்? என்னைப் பயமுறுத்தத்தானே? அப்படியானால் பயந்துவிட்டேன், போதும்.

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. கிடையவே கிடையாது. ஆனால் சொன்னால் சிரிப்பாய், நேற்று சந்தையில் மூலிகை விற்கிறவளிடம் போய் நின்றேன். "ஒட்டுன தமாலத் தின்னுட்டா மாத்து என்னம்மா?" என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "யாரு தின்னா, எத்தனை தின்னா?" என்றாள். மூன்று என்றதும் சிலுவை போட்டுக்கொண்டாள். பூனைவால் வேர்க்கட்டு ஒன்றைக் கொடுத்து, தமால் கெடாமலிருக்கப் பானைக் கைப்பிடியில் கட்டுகிற மட்டைக் கிழிசலைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னாள். அந்தக் கிழிசல் உன்னிடம் இருக்கும். அவளுக்குக் கொடு. உன் காலில் விழுகிறேன், கொடு.

லியோபோல்தோ என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "புத்தகம் எழுதுற லட்சணமா இது?" என்கிறார். வரவும் விடமாட்டேன் என்கிறார்; நான் ஊருக்கு வந்தால் அவருடைய அண்ணிமார் மோப்பம் பிடித்துவிடுவார்களாம். எனக்குத் தூக்கமே இல்லை. சாப்பாட்டில் கை வைத்தால் உன் நீலப் பிள்ளை தெரிகிறது.

வலி எடுத்ததும் மருத்துவச்சியை நம்பிக்கொண்டு இருக்காதே. லாரி பிடித்துத் தலாஸ்கலா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. என்மேல் கோபம் என்றால் என்னிடம் காட்டு. அவள் என்ன செய்தாள்? ஒரு வரி எழுது.

ப்ரிஸ்கா


சான் லூக்காஸ்
1975 பிப்ரவரி 14

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே காலையில் உறைபனி. இரண்டு வான்கோழி செத்துவிட்டது. முழங்கால் பரவாயில்லை.

மட்டைக் கிழிசலை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஹெனோவேவா


சான் லூக்காஸ்
1975 பிப்ரவரி 26

ப்ரிஸ்கா,

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நொயெமிக்கு வலி கண்டது. மருத்துவச்சி முற்றத்தில் கை கழுவிக்கொண்டு உள்ளே வருவதற்குள் பாதி வேலை முடிந்திருந்தது. பத்து மணிக்குப் பெண் குழந்தை. சோப்புக் கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும், தொண்டை எட்டு வீட்டுக்குக் கேட்கிறது. நொயெமி சாயங்காலமே எழுந்து சோளக்கூழ் கேட்டுக் குடித்தாள். நீ இனித் தூங்கலாம்.

எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவள் பானைக்குள் கை விட்டபோது உன்னைப் பழிவாங்கத்தான் வாயை மூடிக்கொண்டேன். உனக்கு எழுதியதும் அதற்காகத்தான். உன் கடிதத்தை நாலு முறை வாசித்தேன், இனித்தது. ஆனால் தினமும் அந்தப் பெண் என் எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் உரிக்கிறாள், "பெரியம்மா, இங்க பாருங்க, உதைக்குது" என்று என் கையை எடுத்து வயிற்றில் வைக்கிறாள். என்ன பாவம் செய்துவிட்டேன் என்று பத்து நாள் மாதாவின் காலடியிலேயே கிடந்தேன். தைலத்தையும் தடவினேன், முட்டிபோட்டு முட்டிபோட்டு.

இப்போது பிள்ளை தொட்டிலில் கிடக்கிறது. மூன்று ஒட்டிய தமால் தின்றவளுக்கு இரண்டு மணி நேரத்தில் பிறந்தது. நான் தின்றது ஒன்றே ஒன்று. அப்படியென்றால் நீ எழுதியதுதான் சரி. அது குடலுக்குப் போகிறது. உன்னை நான் புகையில் பிடித்தது வீண். பதின்மூன்று வயதில் ஊரான் வீட்டில் பாத்திரம் தேய்க்க அனுப்பியது வீண். முப்பத்தைந்து வருஷம் ஒரு தமாலைத் திட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன்.

எனக்கு ஒன்று சொல். நீ படித்தவள். ஒட்டிய தமால் இல்லையென்றால் என் மகன் எதனால் செத்தான்? மருத்துவச்சி சோசிமா அம்மாள் வந்ததும், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா திருப்பி எடுத்திருப்பேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் வேறொரு பிரசவத்தில் இருந்தாள் என்று நீதானே வந்து சொன்னாய். விதி என்பதா இதை? உன் புத்தகத்தில் ஏதாவது இருக்கிறதா?

என்னை மன்னித்துவிடு, தங்கச்சி. இந்த வார்த்தையை எழுத எனக்கு முப்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

உன் அக்கா
ஹெனோவேவா


மெக்சிகோ நகரம்
1975 மார்ச் 5

அன்புள்ள அக்கா,

நொயெமியும் குழந்தையும் நலம் என்று படித்ததும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து முகம் கழுவினேன். பிறகு கோபம் வந்தது. மூன்று வாரம் நீ என்னைக் கல்லில் போட்டு வறுத்தாய், வேண்டுமென்றே. இப்போது உனக்கு மனம் கரைந்துவிட்டது, மன்னிப்புக் கேட்கிறாய், நான் உடனே கொடுத்துவிட வேண்டும். தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்பது உனக்கும் தெரியட்டும்.

உன் மகன் எதனால் செத்தான் என்று கேட்டாய். புத்தகத்தில் பார்க்க வேண்டியதில்லை. எனக்கே தெரியும்.

சோசிமா எந்தப் பிரசவத்திலும் இல்லை. வீட்டில்தான் இருந்தாள். நான் போனபோது கோழிக்கூண்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஆனால் நான் போனது மத்தியானம். நீ என்னை அனுப்பியது காலை ஏழு மணிக்கு. பள்ளத்தைத் தாண்டினால் அரை மணி நேரம்தான்.

அன்று சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய். சந்தைத் திடலில் முகமூடிக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். தலையில் இறகுக் கொத்து, கையில் சாட்டை, பிடில்காரர்கள் நாலு பேர். ஒரு ஆட்டம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். பிறகு இன்னொன்று. ஒருவன் என் கையைப் பிடித்து நடுவில் இழுத்துவிட்டான், நானும் ஆடினேன். அம்மா செத்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். கோயில் மணி பன்னிரண்டு அடித்தபோதுதான் உன் ஞாபகம் வந்தது.

திரும்பி வந்ததும், நீ கத்துவாய் என்று பயந்து ஒரு பொய் சொன்னேன். அதைப் பற்றி யாருமே கேட்கவில்லை. நீ தமாலைப் பிடித்துக்கொண்டாய், ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. மிளகாய்ப் புகையில் என் மூச்சு அடைத்துக்கொண்டிருந்தபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்லவேளை, தப்பித்தோம் என்று.

சாகும்வரை இதைச் சொல்லியிருக்கமாட்டேன். நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். இனி நீயும் நானும் சரிக்குச் சரி.

இது நமக்குள் இருக்கட்டும், நொயெமிக்குத் தெரிய வேண்டாம். ஏப்ரல் ஐந்தாம் தேதி வருகிறேன். புவெப்லாவில் பேசி முடித்துவிட்டேன். குழந்தையை ரொம்பத் தூக்கிப் பழக்காதே, பிரிக்கும்போது இரண்டு பேருக்கும் கஷ்டம்.

உன் அன்புத் தங்கை
ப்ரிஸ்கா


சான் லூக்காஸ்
1975 மார்ச் 17

ப்ரிஸ்காவுக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தேன், முழங்கை வரைக்கும் ஈரம். "உங்கம்மாதான், பிரிச்சு வாசிடி" என்றேன். உன் பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே வாசித்தாள். நடுவில் நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. புவெப்லா, ஏப்ரல் ஐந்து, ரொம்பத் தூக்காதே, எல்லாவற்றையும் வாசித்தாள். 'உன் அன்புத் தங்கை' என்பதையும் வாசித்துவிட்டுத்தான் மடித்தாள்.

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். சோளம் வெயிலில் காய்ந்து போயிற்று. ஐந்து மணி நேரம், ப்ரிஸ்கா. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினேன்; அவனுக்கு இன்னும் பெயர்கூட வைத்திருக்கவில்லை. உன்னைக் கொன்றுபோட வேண்டும் என்று இருந்தது. பிறகு, ஆட்டம் பார்க்க நின்ற அந்தச் சின்னப் பெண்ணை நினைத்தேன். அவளுக்குச் செருப்புக்கூடக் கிடையாது. அவளைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தாலும் அடித்திருப்பேன், பிறகு சோறு போட்டிருப்பேன்.

நொயெமியிடம், "சின்ன வயசுடி, தெரியாமச் செஞ்சிட்டா" என்றேன். ஆமாம், உனக்காக நான்தான் பேசினேன்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "பன்னெண்டு வயசுல தெரியாமச் செஞ்சத விடுங்க பெரியம்மா. நாப்பத்தேழு வயசுல தெரிஞ்சேதானே இத எழுதியிருக்காங்க."

புவெப்லாவுக்கு அவள் வரவில்லை. பிள்ளையும் வரவில்லை. நகரத்துக்கும் வரமாட்டாளாம். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு ஆள் தேவை என்று கேட்டிருந்தார்கள், வெள்ளிக்கிழமை போய்ப் பேசிவிட்டு வந்தாள். நீ ஐந்தாம் தேதி வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். வேறு எந்தத் தேதியும் அவள் சொல்லவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. நான்தான் ஞானத்தாய். கோயில் புத்தகத்தில் எழுதும்போது பாதிரியார் தாய்வழிப் பாட்டியின் பெயரைக் கேட்டார். உன் பெயரைச் சொன்னோம். "இருக்காங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நொயெமி, "இல்ல சாமி, போய்ச் சேந்துட்டாங்க" என்றாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை.

ஹெனோவேவா